நொய்யலும் காவிரியும் – கடிதம்

*ஐயா, காவிரியோடு வைத்துப் பேச நொய்யலுக்கு என்ன இருக்கிறது? கோவையைத் தாண்டினால் அது சாக்கடைதானே? காவிரித் தண்ணீரைத் திருப்பிவிட்டாலாவது பிழைக்குமா? இரண்டும் எங்கே கலக்கின்றன? – ஒரு வாசகி*

அன்புள்ள சகோதரிக்கு,

‘சாக்கடைதானே’ என்று எழுத எப்படி அம்மா மனம் வந்தது? பேரூரில் அதற்குக் காஞ்சிமாநதி என்று பெயர். அதன் கரையில்தான் கொடுமணல் என்ற பழங்கால ஊரில் மணிக்கல் அறுத்தார்கள், இரும்பு உருக்கினார்கள். நீளத்தை விடுங்கள், 800 கி.மீ. ஓடும் காவிரியோடு, 200 கூட ஓடாத ஆறு போட்டி போடாது. திருப்பூர்ச் சாயக்கழிவு தனியாக எழுத வேண்டிய வழக்கு.

குடகு மழையை மேட்டூரில் 120 அடிக்குத் தேக்கி, ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பிரித்து விடலாம். நொய்யல் அப்படியல்ல. வெள்ளிங்கிரியில் கொட்டினால் வெள்ளம் சில நாள்தான். அதற்குள் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் அணைக்கட்டும் வாய்க்காலும் குளமும். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் வாய்க்காலுக்குத் திரும்பும் தண்ணீர் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் வரை போக வேண்டும்.

வெள்ளத்தைப் பிடிக்கக் குளத்தில் இடம் வேண்டும். இன்று வருஷம் முழுக்கக் கழிவுநீர் விழுகிறது. மழைக்கு முன்பே குளம் நிரம்பிக் கிடக்கிறது. புதுவெள்ளம் வந்த வேகத்தில் ஆற்றோடு போய்விடுகிறது. அடியில் படிந்த கருஞ்சேறு மண்ணின் கண்ணை அடைத்துவிடுவதால், தளும்பும் குளத்துக்குப் பக்கத்துக் கிணற்றிலும் ஊற்று இல்லை. இதில் காவிரியை எங்கே ஊற்றுவீர்கள்?

முதலில் குளத்து வாயில் கழிவுநீரை மறியுங்கள். கோடையில் மதகைத் திறந்து வடியவிட்டுக் காயப்போடுங்கள். கருஞ்சேற்றை மட்டும் வழியுங்கள். மண் விற்கிற ஆசையில் மதகின் மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. ஜூனுக்கு முன் ஷட்டருக்கு கிரீஸ் போட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். வெள்ளம் வந்ததும் வாய்க்காலைத் திறந்துவிடாதீர்கள். அணைக்கட்டின் மணற்போக்கியைத் திறந்து, நுரையும் பிளாஸ்டிக்கும் மணலும் ஆற்றோடு போகட்டும். தண்ணீர் தெளியத் தொடங்கியபின் வாய்க்கால் ஷட்டரைத் தூக்குங்கள். அவசரப்பட்டால் தலைவாயிலேயே மணல் மேடிட்டுவிடும். கடைசிக் குளத்துக்குச் சொட்டு போகாது. சிமென்ட் நடைபாதைக்கும் படகுத்துறைக்கும் காசு இருக்கிறது, இந்த ஷட்டரைப் பார்க்க ஓர் ஆள் இல்லை என்றால் கோபம் வராதா?

கலக்கும் இடம் கேட்டீர்களே: கரூர் மாவட்டத்தில், ஆற்றின் பெயரையே கொண்ட நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்தில்.