அமெரிக்கக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆக எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்?

பள்ளி அணியில் தொடங்கும் ஒருவர், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் உச்சத் தொடரான என்.எஃப்.எல். அணியொன்றின் தலைமைப் பயிற்சியாளராக உயர எவ்வளவு காலம் பிடிக்கும், அதற்குத் திறமை மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவான விதி ஏதும் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன்: பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியோடு மூன்று முறை கோப்பை வென்ற பில் வால்ஷுக்கு 22 ஆண்டுகள் ஆயின, திறமை மட்டும் அவருக்குப் போதவில்லை.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். அங்குள்ள வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில்தான் வால்ஷ் 1957இல் பயிற்சியாளராகச் சேர்ந்தார் என்பது, அந்தப் பள்ளியைப் பலமுறை கடந்து போன பிறகே எனக்குத் தெரியவந்தது. கால்பந்து அணியோடு நீச்சல் அணிக்கும் அவரே பயிற்சியாளர். பிறகு பெர்க்லியிலும் ஸ்டான்ஃபோர்டிலும் பல்கலைக்கழக அணிகளில் உதவியாளர், 1966இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியில் ஓராண்டு, அதற்கடுத்த ஆண்டு சான் ஹோசேயில் ஓர் அரைத் தொழில்முறை அணி என்று ஊர் ஊராகப் போய், 1968இல் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் புதிதாகத் தொடங்கப்பட்ட பெங்கால்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்த அணியை நிறுவிய பால் பிரவுன்தான் தலைமைப் பயிற்சியாளரும்கூட. இந்த ஆட்டத்தின் பெரியவர்களில் ஒருவர்.

வால்ஷின் பெயரை நிலைக்கச் செய்த ஆட்டமுறை அங்கே பிறந்தது, அதுவும் ஒரு காயத்தின் விளைவாக. 1969இல் அணிக்கு வந்த கிரெக் குக் என்ற குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்), பந்தை வெகு தூரம் எறியக்கூடிய வலுவான தோள் உடையவர். அந்த முதல் ஆண்டிலேயே தோளில் காயம்பட்டு, அவருடைய ஆட்டம் ஏறத்தாழ அதோடு முடிந்துபோனது. அடுத்த ஆண்டு அவர் இடத்துக்கு வந்த வர்ஜில் கார்ட்டரால் தூரமாக எறிய முடியாது, ஆனால் குறி தவறாது, புத்தியும் கூர்மை. கையில் இருப்பதை வைத்துத்தானே சமைக்க வேண்டும்? இந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேறினால் பந்து நம்மிடமே இருக்கும். அப்படியென்றால் நாற்பது யார்டு எறிய வேண்டிய அவசியம் என்ன என்று வால்ஷ் யோசித்தார். மைதானத்தின் நீளத்தை விட்டுவிட்டு, சுமார் 53 யார்டு அகலத்தைப் பயன்படுத்தினார். ஐந்தாறு யார்டு தூரத்துக்குப் பக்கவாட்டில் சிறுசிறு வீச்சுகள். பந்தைப் பிடித்தவர் மீதியை ஓடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் இதன் உயிர் காலடிகளில் இருக்கிறது. குவார்ட்டர்பேக் பின்னோக்கி எடுத்து வைக்கும் அடிகள் மூன்றா ஐந்தா என்பது ஒவ்வொரு வீச்சுக்கும் முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். கடைசி அடி தரையில் ஊன்றும் நொடியில் பந்து கையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அந்நேரம் பந்தை வாங்க வேண்டியவர் திரும்பியிருக்கக்கூட மாட்டார். அவர் திரும்பும்போது பந்து அங்கே வந்திருக்கும். மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்க்காமலே சமத்தில் வந்து சேர்வது போன்ற கணக்கு இது. 1970இல் முதல் ஏழு ஆட்டங்களில் ஆறில் தோற்றிருந்த பெங்கால்ஸ், அடுத்த ஏழையும் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆன அணி அது.

எட்டு ஆண்டுகள் அங்கே உழைத்த வால்ஷ், பிரவுனுக்குப் பிறகு அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். இலவு காத்த கிளியின் கதைதான் நடந்தது. 1976இன் முதல் நாளில் ஓய்வை அறிவித்த பிரவுன், பில் ஜான்சன் என்ற இன்னொரு உதவியாளரைத் தமக்குப் பின் நியமித்தார். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த இடத்தில் இருக்கிறது என்பேன்: வாய்ப்பு அணி உரிமையாளரின் மனத்தில் இருக்கிறது, அந்த மனத்தை ஆட்ட நுணுக்கத்தால் வெல்ல முடிவதில்லை. வால்ஷ் சான் டியேகோ அணியில் ஓராண்டு இருந்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இரண்டு பருவங்கள் நன்றாகவே ஆடிக் காட்டிய பிறகு, 1979இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அவரை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 47.

முதல் ஆண்டு 2 வெற்றி, 14 தோல்வி. இரண்டாம் ஆண்டு எட்டு ஆட்டங்களில் தொடர்ச்சியாகத் தோல்வி, எட்டாவது மயாமியில். அன்றிரவு திரும்பி வரும் விமானத்தில் இருட்டில் உட்கார்ந்து அழுததையும், வீரர்கள் பார்த்துவிடாதபடி உதவிப் பயிற்சியாளர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டதையும், பதவி விலகுவதென்றே முடிவெடுத்திருந்ததையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு, பின்வரிசைத் தடுப்பில் மூன்று புதுமுகங்களை வைத்துக்கொண்டு, அதே அணி 13 ஆட்டங்களில் வென்றது.

1982 ஜனவரி 10 அன்று டாலஸ் அணியுடன் நடந்த, வென்றவர் இறுதிக்குப் போகும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வால்ஷின் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா ஓடிக்கொண்டே எறிந்த பந்தை டுவைட் கிளார்க் எம்பிப் பிடிப்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்த வீச்சுக்கு முன் அணி படிப்படியாக முன்னேறிய 83 யார்டுகளைப் பாருங்கள். நேரம் குறைவு, ஆகவே இவர்கள் எறிந்தே தீருவார்கள் என்று டாலஸ் தன் தடுப்பைப் பரப்பி வைத்திருந்தது. வீச்சுக்குப் பேர்போன வால்ஷோ, சின்சினாட்டி நாட்களிலிருந்து தமக்குத் தெரிந்த லென்வில் எலியட் என்ற ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுத்து நடுவே ஓடவிட்டார். முடிவு 28–27. இரண்டு வாரம் கழித்து டெட்ராய்ட் அருகே என்.எஃப்.எல். கோப்பைக்கான சூப்பர் பவுல் இறுதியில் எதிரே நின்றது பெங்கால்ஸ்; அதன் நிர்வாகம் அப்போதும் பால் பிரவுன் கையில்தான் இருந்தது. ஆட்டத்துக்காக வீரர்கள் விடுதியில் வந்து இறங்கியபோது, சுமைதூக்கும் பணியாளரின் சீருடையில் வாசலில் நின்றிருந்த ஒருவர் அவர்களுடைய பெட்டிகளைப் பிடித்து இழுத்து வம்பு செய்தார். அது வால்ஷ்தான் என்று தெரிய வீரர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆட்டத்தை 26–21 என்று வென்றார்கள்.

ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது அவருடைய இன்னொரு பழக்கம். முதல் 25 நகர்வுகள் வரை தாளில் இருக்கும். பல்லாயிரம் பேர் கத்தும் இடத்தில் எடுக்கும் முடிவைவிட, வார நடுவில் அமைதியான அறையில் எடுத்த முடிவு மேலானது என்பது அவர் வாதம். இன்று இதைச் செய்யாத அணியைத் தேட வேண்டும்.

1984 பருவத்திலும் 1988 பருவத்திலும் மீண்டும் கோப்பை. மூன்றாவது வெற்றியும் பெங்கால்ஸை எதிர்த்தே, 20–16. அன்று வீரர்களின் அறையிலேயே மகனைக் கட்டிக்கொண்டு அழுதவர், சில நாட்களில் விலகினார். 22 ஆண்டுகள் காத்துப் பெற்ற பதவியில் அவர் இருந்தது பத்துப் பருவங்கள் மட்டுமே. அவருடைய உதவியாளர் ஜார்ஜ் சீஃபர்ட் அதே அணியை வைத்து அடுத்த ஆண்டே கோப்பையை வென்றார். ஸ்டான்ஃபோர்டுக்கு 1992இல் திரும்பிப்போன வால்ஷுக்கு முதல் ஆண்டு நன்றாகவும் அடுத்த இரண்டு ஆண்டுகள் மோசமாகவும் அமைந்தன. 2007இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தம்மைப் போலக் கதவுக்கு வெளியே நின்றவர்களை அவர் மறக்கவில்லை. வீரர்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவராக இருந்தும் தலைமைப் பயிற்சியாளராக ஒரு கறுப்பினத்தவர்கூட என்.எஃப்.எல்.லில் இல்லாத 1987இல், கல்லூரிகளில் பணியாற்றிய கறுப்பினப் பயிற்சியாளர்களைத் தம் கோடைக்காலப் பயிற்சி முகாமுக்கு அழைத்து உடன் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அப்படி அவர் முகாமுக்கு வந்துபோன இளைஞர்களில் மார்வின் லூயிஸ் ஒருவர். 2003இல் லூயிஸ் ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார்; 16 பருவங்கள் அந்தப் பொறுப்பில் இருந்து, அந்த அணியின் வரலாற்றிலேயே அதிக வெற்றிகளைப் பெற்ற பயிற்சியாளரும் ஆனார். அணி, சின்சினாட்டி பெங்கால்ஸ்.