குறிப்புகளை இடம் மாற்றுவது: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பல வருஷமாக எவர்நோட் என்ற குறிப்புச் செயலியில் எழுதி வருகிறேன். சித்தூர் தாலுகாவில் தோட்டங்களுக்கு வழங்கும் பெயர்கள், கள் இறக்குகிறவர்கள் பேச்சில் வரும் சொற்கள், ஆழியாற்றுத் தண்ணீரைப் பற்றி விவசாயிகள் சொல்வது, பாட்டிமார் சொன்ன கதைகள். பெரும்பாலும் தமிழ், சிலது மலையாளம், குரல் பதிவும் உண்டு. இலவசக் கணக்கில் இனிப் புதிதாகச் சேர்க்க வழியில்லை, அப்சிடியன் என்ற இன்னொரு குறிப்புச் செயலிக்கு மாறிவிடு என்கிறான் மகன். எனக்குப் பயமாக இருக்கிறது. எதுவும் தொலையாமல் மாற்ற முடியுமா? மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் தலைப்புவாரியாகச் சேர்த்து ஒழுங்குபடுத்திவிடட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒழுங்குபடுத்த வேண்டாம், எப்படிக் கலைந்து கிடக்கிறதோ அப்படியே கொண்டுபோங்கள். சின்னச் சின்னக் குறிப்புகளை எல்லாம் 'பனை' என்று ஒரே குறிப்பாக ஒட்டிவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் எந்தச் சொல்லை யார், எந்த வருஷம் சொன்னார் என்பது அதோடு போய்விடும். பாளை சீவுகிறவர் 2015இல் சொன்ன சொல்லை அவர் மகன் 2022இல் வேறு மாதிரி சொல்லியிருப்பார், அந்த வித்தியாசத்துக்காகத்தானே எழுதி வைத்தீர்கள்? கொச்சி ராஜ்யத்தில் இருந்து, 1956இல் கேரளத்துக்குள் வந்து, மலையாளத்தோடு தினமும் புழங்கிக்கொண்டே நிற்கிற தமிழ் உங்கள் ஊர்த் தமிழ். அதை இப்படித் தேதியோடு சேர்த்து வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்கே தெரிகிறதா என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே நீங்கள் காப்பாற்ற வேண்டியது தேதியை. மற்றதெல்லாம் அநேகமாகத் தானாக வந்துவிடும்.

முதலில் அப்சிடியனை மறந்துவிட்டு, குறிப்புகளை எவர்நோட்டிலிருந்து வெளியே எடுங்கள். 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரு நோட்புக் என்று வரம்பு வந்தது, ஆனால் ஏற்கனவே இருப்பதைப் படிக்கவோ ஏற்றுமதி செய்யவோ தடை இல்லை. போனில் நடக்காது, கம்ப்யூட்டரில் செயலியைப் போட்டு ஒவ்வொரு நோட்புக்காக எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். எனெக்ஸ் என்றொரு கோப்பு வரும். அதற்கு அந்த நோட்புக்கின் பெயரையே வையுங்கள், இல்லாவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தெரியாது. படங்களும் குரல் பதிவுகளும் அந்தக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வரும் என்பதால் கனமாக இருக்கும், பயப்படாதீர்கள். இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து ஒன்றை மகனிடம் கொடுத்துவிடுங்கள். இதை முடித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் உருவான நேரம் எழுதியிருக்கும். 20170311, அடுத்து 233000 என்று இருந்தால், 2017 மார்ச் 11, இரவு 11.30. ஆனால் அது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் மார்ச் 12 விடிகாலை 5 மணி! மரம் ஏறுகிறவர்களைப் பார்க்க நீங்கள் போவது விடிகாலையில்தான் இருக்கும், அந்தக் குறிப்புகள் முந்தின நாள் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டனவா என்று கவனியுங்கள். அதைவிட மோசமானது, கோப்புகளை போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் மாற்றி மாற்றி நகலெடுக்கும்போது நகலெடுத்த நாளே கோப்பின் தேதியாகிவிடுவது. அதனால் தேதி, ஊர், சொன்னவர், இந்த மூன்றும் குறிப்பின் முதல் வரியிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம்தான் அப்சிடியன். அதில் இம்போர்ட்டர் என்று அவர்களே தருகிற பிளகின் (செயலியோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்) இருக்கிறது, எனெக்ஸ் கோப்பைக் காட்டினால் ஒவ்வொரு குறிப்பையும் தனி எழுத்துக் கோப்பாகப் பிரித்துப் போடும். ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். படம் உள்ளது, குரல் உள்ளது, அட்டவணை உள்ளது, மலையாளம் உள்ளது என்று சிக்கலான சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனியாக எக்ஸ்போர்ட் கொடுத்து, முதலில் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். குறிப்புக்குக் குறிப்பு கொடுத்த இணைப்புகள்தான் பெரும்பாலும் அறுந்துபோகும், அவற்றைக் கையால்தான் ஒட்ட வேண்டியிருக்கும்.

தலைப்பு விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. அப்சிடியனில் தலைப்புதான் கோப்பின் பெயர். ஆண்ட்ராய்டில் கோப்புப் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் இடம் (பைட் என்பது கம்ப்யூட்டர் இடத்தை அளக்கும் அலகு). ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறிக்கு 3, 'க'வும் கொம்புக்குறியும் என இரண்டு குறி சேர்ந்த 'கொ' என்ற ஒற்றை எழுத்துக்கே 6. பாட்டி சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே தலைப்பாக வைத்திருந்தால் விண்டோஸில் ஒழுங்காக இருக்கும், போனுக்குப் போகும்போது முட்டி நிற்கும். நீளத் தலைப்புகளைச் சுருக்குங்கள், சாய்கோடு போட்டு எழுதிய தேதியும் தலைப்பில் வேண்டாம். முன்கூட்டியே ஒழுங்குபடுத்த நான் சம்மதிக்கிற ஒரே இடம் இது.

மலையாளக் குறிப்புகளைத் தனியாகச் சோதியுங்கள். சில்லெழுத்துகளுக்கு, அதாவது உயிர் சேராமல் தனித்து நிற்கும் மலையாள மெய்களுக்கு, கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் சொந்த இடம் கிடைத்தது 2008இல்தான். அதற்கு முன்பு மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற மலையாளக் குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சில்லை வரவழைத்தார்கள், அந்த முறையில் தட்டுகிற கீபோர்டுகள் பிறகும் இருந்தன. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. ஒரே சொல்லைப் பழைய குறிப்பிலிருந்து நகலெடுத்து ஒரு தடவையும் புதிதாகத் தட்டி ஒரு தடவையும் தேடுங்கள். விடைகள் வேறுபட்டால் எனக்கு எழுதுங்கள், பழைய சில்லைப் புதிய சில்லாக மாற்றுகிற சின்ன நிரல் ஒன்றை அனுப்பி வைக்கிறேன். அதுவரை பழைய கணக்கை மூட வேண்டாம்.