ஊசிக்கு மிரளும் பசு

தம்பி, மிருக வைத்தியரைக் கண்டாலே உங்கள் பசு கயிற்றை அறுக்கிறது, தோட்ட லயத்து ஆட்கள் நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை என்று ஹட்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள். பிடிக்கப் பிடிக்கப் பயம்தான் கூடும். வாஷிங்டன் மிருகக்காட்சிசாலையில் பாண்டாவே தானாக வந்து, உலோகக் குழாய்க்குள் கையை நீட்டி இரத்தம் எடுக்க விடுகிறது. எல்லாம் தீனி கொடுத்துப் பழக்கியதுதான்.

பால் கறந்த பிறகு தினமும் 5 நிமிடம் போதும். கழுத்தைத் தொட்டதும் நாக்கால் ஒரு 'டொக்', உடனே ஒரு பிடி புண்ணாக்கு. அப்புறம் இதே மாதிரி ஒவ்வொரு படியாக: ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது (அந்த மணத்துக்கே சில மாடுகள் மிரளும்), தோலை லேசாகக் கிள்ளுவது, ஊசியில்லாத சிரிஞ்சால் அழுத்துவது. தலையைத் திருப்பினால் கையை எடுத்துவிட்டு முந்தைய படிக்குப் போங்கள். விலக முடியும் என்று தெரிந்தால்தான் அது நிற்கும். வைத்தியர் வருகிற அன்றைக்கு மட்டும் புண்ணாக்கை நீட்டினால் சரிவராது.