கண் டாக்டர் இல்லாத ஊரில், கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் ஸ்கேன் மெஷினை வைத்துக் கண்ணைப் பார்க்கலாமா? பார்த்து என்ன பயன்?

பார்க்கலாம். பயனும் உண்டு.

நீங்கள் அநேகமாக ஏதோ ஒரு சின்ன கிளினிக்கில் புதிதாக வேலைக்கு வந்தவர். கையில் ஒரு டார்ச் லைட், பக்கத்து அறையில் ஒரு ஸ்கேன் மெஷின், கண் டாக்டரைப் பார்க்க ஒரு மணி நேரப் பயணம். அப்படித்தானே? நானும் அப்படி ஓர் இடத்தில்தான் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன். மலேசியாவில், பேராக் மாநிலத்தில், பீடோர் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பட்டணம். நான் டாக்டர் இல்லை, மெடிக்கல் அசிஸ்டன்ட், பழைய பேச்சில் டிரெசர், இப்போது ஓய்வில் இருக்கிறேன். "ஸ்கேனைப் பற்றிப் பேச நீ யார்" என்று கமெண்டில் யாரும் வர வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டும் ஒருவர், இனிப்பு நீர்க்காரர் (சர்க்கரை வியாதி), ஒரு நாள் காலையில் வந்தார். "கண்ணுல கொசுகொசுவாப் பறக்குது சார், ஓரமா திரை இழுத்தமாரி இருக்கு" என்றார். கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ரத்தம். இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிவதும், சில சமயம் அது தானாக வடிவதும் நாங்கள் பார்க்காததில்லை. அந்தத் தைரியத்தில் சாதாரணக் கடிதம் எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் தேதி கிடைத்தது. ரத்தத்துக்குப் பின்னால் விழித்திரை ஏற்கெனவே பிய்ந்து தொங்கியிருக்கிறது. அந்தக் கண் போச்சு, லாரியும் போச்சு. ஸ்கேன் இல்லாவிட்டாலும் "திரை" என்ற அந்த ஒரு வார்த்தைக்கு நான் முழித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் இன்றைக்கும் கடையில் பார்த்தால் "டிரெசர் சார், தேத்தண்ணி குடிங்க" என்கிறார். எனக்குத்தான் தொண்டையில் இறங்காது.

அப்போது மெஷின் பக்கத்து அறையில்தான் இருந்தது. தாய்மார்கள் வரும் நாளில் மட்டும் போர்வையை எடுப்போம்.

சில வருஷம் கழித்து கிள்ளானிலிருந்து ஒரு சின்னப் பெண் டாக்டராக வந்தது. பழைய பால்மரத் தோட்டத்துப் பெரியம்மா ஒருவருக்கு, முந்தின ராத்திரி கண்ணில் மின்னல் மின்னலாக வெட்டியதாம், விடிந்ததும் ஒரே புகை. லைட் அடித்தும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "அங்கிள், ஸ்கேன் மெஷினைத் தள்ளிட்டு வாங்க" என்றது. பெரியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இந்த வயசுல நான் முழுகாம இருக்கேன்னு யாரு சொன்னது டிரெசரு தம்பி?"

செய்தது இவ்வளவுதான். கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டு ஒன்றை ஒட்டி, ஜெல்லை நுங்கு மாதிரி குவித்து வைத்தது. மெஷினிலிருந்து வரும், உடம்பில் வைத்துப் பார்க்கும் குழாய் (புரோப்) கண்ணில் அழுந்தாமல் அந்த ஜெல்லில் மிதந்தது, கை நெற்றியில் ஊன்றியிருந்தது. வயிற்றுக்கு வைக்கும் வளைந்த குழாய் இதற்கு உதவாது. நரம்பு, தைராய்டு பார்க்கும் தட்டையான குழாய் வேண்டும், 7.5 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை. கண்ணின் உள்ளே படமாகக் காட்டும், கண் டாக்டர்களுடைய பி-ஸ்கேன் மெஷின் பெரும்பாலும் 10-ல் ஓடும். கண்ணில் வைக்கும்போது சக்தியைக் குறைக்க வேண்டும். மெஷின் திரையில் எம்.ஐ. (மெக்கானிக்கல் இண்டெக்ஸ்) என்று, அந்தச் சக்தியைக் காட்டும் ஓர் எண் தெரியும். மற்ற உறுப்புகளுக்கு 1.9 வரை விடுவார்கள், கண்ணுக்கு அமெரிக்க வரம்பு 0.23. மெஷினில் கண்ணுக்கென்று செட்டிங் இருந்தால் அதையே போடுங்கள், நேரத்தையும் இழுக்காதீர்கள்.

திரையில் கண் ஒரு கறுப்பு உருண்டை. உள்ளே இருப்பது திரவம் என்பதால் கறுப்பு. "கண்ணைத் திறக்காம இடது பக்கம் பாருங்க, இப்ப வலது பக்கம்" என்றது டாக்டர். தண்ணீரில் விட்ட தேங்காய்ப்பால் மாதிரி ஏதோ சுழன்றது, அது ரத்தம். அப்புறம் ஒரு தடித்த வெள்ளைக் கோடு, கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி ஆடியது. எவ்வளவு ஆடினாலும் கண் நரம்பு இருக்கும் இடத்தில் மட்டும் பிடிப்பை விடவில்லை. அதுதான் பிய்ந்த விழித்திரைக்கு அடையாளம். ஆனால் வயதானவர்களுக்குக் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி பிரிந்தாலும் கோடு தெரியும். அது மெல்லிசு, இன்னும் துள்ளும், பெரும்பாலும் நரம்பில் ஒட்டியிருக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு, நானே குழம்பியிருக்கிறேன்.

டாக்டர், கண் ஸ்பெஷலிஸ்ட் இருக்கும் ஈப்போவுக்குப் போன் போட்டது. பெரியம்மாவின் மருமகன் வேலையைப் போட்டுவிட்டுக் காரை எடுத்தார். நடுப்பார்வைப் பகுதி இன்னும் கழன்றிருக்கவில்லையாம், இரண்டாம் நாளே ஆபரேஷன்.

கண் ஸ்பெஷலிஸ்டுகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது உங்கள் வேலையைப் பிடுங்குவதில்லை. யார் இன்றைக்கே போகணும், யார் அடுத்த மாதம் போனால் போதும் என்று பிரிக்கத்தான். தினக்கூலிக்காரனுக்கு ஈப்போ என்றால் ஒரு நாள் சம்பளம், கூட வருகிறவனுக்கு இன்னொரு நாள். எல்லாரையும் "அவசரம்" என்று அனுப்பினால் அடுத்த தடவை நாம் அவசரம் என்றால் யாரும் கிளம்ப மாட்டார்கள். இது ஒன்றும் புது வித்தையும் இல்லை, கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் 1956-லேயே வைத்துப் பார்த்துவிட்டார்கள். முற்றிய வெள்ளைப் புரைக்குப் பின்னால் விழித்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் இது உதவும். புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸின் பவருக்காகக் கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன் வேறு. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே பவர் இரண்டரை, மூன்று மாறிவிடும், அதில் கை வைக்காதீர்கள்.

கண்ணில் குத்துக்காயம் என்றால் மெஷின் பக்கமே போகாதீர்கள். பழம் வெட்டும் இந்தோனேசியப் பையன் ஒருவன், மட்டை முள் குத்தி வந்தான். கண்மணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஸ்கேன் வைத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. டாக்டர் என் கையிலிருந்து ஜெல்லைப் பிடுங்கிவிட்டது. கிழிந்த கண்ணை அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து ஒட்டி அனுப்பினோம்.

சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிரெசர், ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட், மெடிக்கல் அசிஸ்டன்ட் என்று எங்கள் வேலைக்குப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவது மட்டும் மாறவில்லை. நான் ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அதுவும் நின்றுபோச்சு. சரி, விடுங்கள்.

பெரியம்மா மறுபடி வந்தபோது நன்றி எல்லாம் சொல்லவில்லை. "அந்தப் பசை புருவத்துல காஞ்சி, ரெண்டு நாள் போவல" என்று திட்டினார். டிவி சீரியல் பார்க்கிறாராம், ஊசியில் நூல் மட்டும் கோர்க்க வரவில்லையாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாளைக்கு முதல் வேலையாக மெஷினின் டிராயரைத் திறந்து பாருங்கள். எங்கள் தட்டைக் குழாய் வந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அங்கேதான் கிடந்தது.