பேக்லிங்க் குறைந்துவிட்டது, பணம் கட்டலாமா?

கேள்வி: புரசைவாக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வெப்சைட்டுக்கு மற்ற சைட்களிலிருந்து வரும் லிங்குகள், அதாவது பேக்லிங்குகள், போன மாதம் சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் டூலான சர்ச் கன்சோலில் 2,300 என்று இருந்தன. இப்போது 900தான் காட்டுகிறது. கூகுள் இன்டெக்ஸ் அப்டேட்டில் சைட் அடி வாங்கிவிட்டது, 18,000 ரூபாய் கொடுத்தால் பழையபடி ஏற்றித் தருகிறேன் என்கிறார், கூகுள் தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலை செய்யும் ஒரு எஸ்.இ.ஓ. ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

அந்த 2,300 உங்கள் சொத்துக் கணக்கு அல்ல. சர்ச் கன்சோல் காட்டுவது வெறும் சாம்பிள், எல்லா லிங்கும் அதில் வராது என்று கூகுளே சொல்கிறது. அதைச் சொல்வது உதவிப் பக்கத்தின் மூலையில். எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு வயிற்றில் புளியைக் கரைக்கிறார்கள். ஏன் குறைந்தது என்று கேட்கலாமென்றால் ஒரு போன் நம்பர் கிடையாது. இந்த ஏஜென்ட்கள் பிழைப்பதே அதனால்தான்.

ஏதோ ஒரு டைரக்டரி சைட் தன் 1,400 பக்கங்களின் அடியிலும் உங்கள் கடை லிங்கைப் போட்டிருந்தது என்று வையுங்கள். கூகுள் கணக்கில் அது 1,400 லிங்க். அந்த சைட் மூடப்பட்டால் 1,400 போய்விடும். உண்மையில் உங்களுக்குப் போனது ஒரே ஒரு சைட். அதுவும் யாரும் எட்டிப் பார்க்காத சைட்.

'இன்டெக்ஸ் அப்டேட்' என்பதும் பழைய கதை. 2003 வரை கூகுள் தன் பக்கங்களின் பட்டியலை, அதாவது இன்டெக்ஸை, மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றும். அதற்கு 'கூகுள் டான்ஸ்' என்றே பெயர். இப்போது பக்கங்கள் நிமிடத்துக்கு நிமிடம் சேர்கின்றன, விழுகின்றன.

ஏஜென்ட் வேறு டூலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் நீட்டுவார். ஏரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற லிங்க் எண்ணும் டூல்கள் எல்லாம் தனித்தனியாக வலையைத் துழாவுகின்றன. ரங்கநாதன் தெருவின் இந்த முனையில் நின்று தலை எண்ணுகிறவருக்கும் அந்த முனையில் நிற்கிறவருக்கும் ஒரே கணக்கா வரும்? அவர் சொல்லும் 'டொமைன் அத்தாரிட்டி' மாஸ் என்ற நிறுவனம் தானாகப் போடும் மார்க். கூகுள் அதைத் தொடுவதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் உள்ள, கூகுள் தேடலிலிருந்து வந்த கிளிக்குகளை. அதில் 16 மாதக் கணக்கு இருக்கும். போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். பொங்கலுக்குப் பானை தேடும் கூட்டம் அதற்கடுத்த மாதம் இருக்காது. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கிளிக் குறையவில்லையா, வேலையைப் பாருங்கள்.

கவலைப்பட வேண்டிய ஒரு சமயம் உண்டு. சமீபத்தில் சைட்டைப் புதிதாக வடிவமைத்தீர்களா? உங்கள் இட்லிக் கொப்பரை பக்கத்துக்கு யாரோ ஒரு சமையல் பிளாக்கர் லிங்க் கொடுத்திருப்பார். புது டிசைனில் அந்தப் பக்கத்தின் முகவரி மாறியிருந்தால், அவர் அனுப்பும் ஆள் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற சுவரில் முட்டிக்கொண்டு திரும்புவார். நல்ல லிங்க் வீண். சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் ரிப்போர்ட்டில் வெளியிலிருந்து அதிக லிங்க் வரும் உங்கள் பக்கங்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். திறக்காததை, அதற்கு ஈடான புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் செய்யச் சொல்லுங்கள்; பழைய முகவரிக்கு வருகிறவரை அது தானாகப் புதுப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு 'முடிஞ்சுது சார்' என்பார் டெவலப்பர், விடாதீர்கள். குறைந்தது ஒரு வருடமாவது அந்த ரீடைரக்ட் இருக்க வேண்டும்.

சரி, 18,000 கொடுத்தால் என்ன வரும்? காசுக்கு விற்கும் குப்பை சைட்களின் லிங்க். 2012இல் பெங்குவின் என்ற அப்டேட் வந்ததிலிருந்தே கூகுள் அவற்றைத் துரத்துகிறது. பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், பணம் தண்ணீரில் போட்டது போல. மோசமானால், கூகுள் ஆட்களே பார்த்துப் போடும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் வந்து சைட்டே தேடலில் காணாமல் போகும். அப்போது அதே ஏஜென்ட் அதை எடுக்கத் தனி ரேட் சொல்வார்.

அவரிடம் முடியாது என்று சொல்வதற்கு முன், உங்கள் சைட்டின் முகவரியான டொமைன் யார் கணக்கில், யார் ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அவருடையதில் இருந்தால், முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். சண்டையெல்லாம் அப்புறம்.