14 நாள் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் பற்றிய உங்கள் கட்டுரையில், பிரிட்டனில் மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாள் வரைதான் வளர்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். 13ஆம் நாள் உயிர் இல்லாதது 15ஆம் நாள் உயிராகிவிடுமா? விஞ்ஞானிகள் தங்கள் வசதிக்குப் போட்ட கணக்குதானே இது?

மலர்

அன்புள்ள மலர்,

கணக்குப் போட்டது பிரிட்டன் அரசு அமைத்த ஒரு குழு. அதன் தலைவர் விஞ்ஞானி அல்ல, மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர். 1984இல் வந்த அறிக்கை, உயிர் எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்குள் போகவே இல்லை. கருவை எப்படி நடத்துவது முறை என்றுதான் கேட்டது. 16 பேரில் 3 பேர் ஆய்வே கூடாது என்று மறுத்து எழுதினார்கள்.

ஏன் 14? 15ஆம் நாள் வாக்கில் கருவில் ஒரு மெல்லிய கோடு தோன்றும். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று அதில் தெரிந்துவிடும். அதுவரை ஒரே கரு பிரிந்து இரட்டைப் பிள்ளையாகலாம். 'ஒருவர்' என்றுகூடச் சொல்ல முடியாத கட்டம். அப்புறம், நாள்களை யாரும் எண்ணிப் பார்க்கலாம். 'வலி தெரியும் வரை' என்று எழுதியிருந்தால் ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு தேதி சொல்லும். 1990இல் சட்டமானபோது, கரு உறைநிலையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்பதுவரை எழுதிவைத்தார்கள்.

ஆனால் ஸ்டெம் செல் எடுக்க 14 நாள் தேவையே இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதிக் குழப்பியது நான்தான். ஐந்தாறு நாள் கருவின் உள்ளிருக்கும் செல்களைத்தான் எடுக்கிறார்கள். 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் என்ற விஞ்ஞானி எடுத்ததும் அப்படித்தான். எடுத்தால் கரு அத்தோடு முடிந்தது. கருவை அழிப்பதே தவறு என்பவருக்கு இந்த விதி எந்த ஆறுதலும் தராது. அவர்கள் எதிர்ப்பை மதிக்கிறேன், ஏற்கவில்லை.

'வசதி' என்ற சந்தேகம் பாதி சரி. 1990இல் கருவை அவ்வளவு நாள் வளர்க்க யாராலும் முடியாது, அதனால் விதி யாரையும் தடுக்கவில்லை. 2016இல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் 13 நாள் அளவுக்கு வளர்த்துக் காட்டினார்கள். உடனே எல்லையைத் தள்ளலாமா என்ற பேச்சு கிளம்பியது. 2021இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் 14 நாளைத் தாண்டி வளர்ப்பதைத் தன் 'கூடவே கூடாது' பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வேலி காலில் குத்தியதும் வேலியைப் பிடுங்கித் தள்ளி நடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நடத்தான் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் நடட்டும்.

அதற்குள் இன்னொன்று வந்துவிட்டது. விந்தும் முட்டையும் சேராமல், ஸ்டெம் செல்லிலிருந்தே கரு போன்ற அமைப்பை உருவாக்குகிறார்கள். 1990 சட்டம் எண்ணத் தொடங்கியது விந்தும் முட்டையும் கலக்கும் நாளிலிருந்து. இதற்கு அப்படி ஒரு நாளே கிடையாது.