எந்தப் பாசி, எத்தனை லிட்டர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீன்தொட்டியில் நடக்கும் செடி, பாசி சண்டைதான்.

கே: நீர்ச்செடிகள் ரசாயனம் விட்டுப் பாசியைக் கொல்லுமாமே? (மதுரை)

கொல்லாது, ஒடுக்கும். 1937-இல் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் இதற்கு அலெலோபதி என்று பெயர் வைத்தார். நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் மிரியோஃபில்லம் ஸ்பிக்காட்டம் என்ற நீர்ச்செடி. அது தண்ணீரில் கசியவிடும் பாலிஃபீனால் வகை ரசாயனங்களில் டெல்லிமக்ராண்டின்-2 முக்கியமானது. நீலப்பச்சைப்பாசி பாஸ்பேட்டைப் பெற உதவும் என்சைமை அது முடக்குகிறது, ஒளிச்சேர்க்கையிலும் கை வைக்கிறது. காலிக் அமிலம், பைரோகலால் போன்றவையும் அதே செடியிலிருந்து கசிகின்றன.

கே: 'இது இருந்தால் பாசியே வராது' என்று சொல்லிக் கடையில் ஹார்ன்வார்ட் என்ற நீர்ச்செடியைக் கொடுத்தார்கள். மூன்று வாரமாகியும் கண்ணாடி பச்சையாகவே இருக்கிறது. விளக்கு 12 மணி நேரம் எரிகிறது. (கோவை)

காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனாலும் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதே வசனத்தை நம்பி நானும் ஒருமுறை பணம் கொடுத்திருக்கிறேன்.

ஹார்ன்வார்ட்டிலும் பாசியை ஒடுக்கும் பொருட்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வகத்தில் பெரும்பாலும் செடியின் சாற்றைக் குடுவையில் ஊற்றிப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் தண்ணீரில் நிறையச் செடியைப் போடுகிறார்கள். உங்கள் தொட்டியில் 100 லிட்டருக்கு நாலு தண்டு. வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் இந்த மாதிரிப் பொருட்களை அதுவே உறிஞ்சிவிடும். மிச்சத்தைப் பாக்டீரியா தின்றுவிடும். போதாக்குறைக்கு, மிதக்கும் பாசியை விட ஒட்டி வளரும் பாசி இந்த ரசாயனங்களைப் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். உங்களுக்கு வந்திருப்பது ஒட்டும் ரகம்.

அப்போ ஹார்ன்வார்ட் வீணா? இல்லை. மளமளவென்று வளர்ந்து அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்ளும், மேலே படர்ந்தால் நிழலும் தரும். தொட்டி தெளிகிறது என்றால் பெரும்பாலும் இவற்றால்தான். சத்தை இழுப்பது, நிழல், ரசாயனம் மூன்றையும் பிரித்துப் பார்ப்பது ஆராய்ச்சியாளர்களுக்கே தலைவலி. கடையில் மட்டும் எல்லாப் புகழும் ரசாயனத்துக்கே. விளக்கை 7 மணி நேரமாகக் குறையுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், செடியை நாலு மடங்காக்குங்கள்.

கே: தொட்டியில் பாசி. என்ன செய்யலாம்?

எந்தப் பாசி? பச்சைத் தண்ணீரா, நூலா, புதுத் தொட்டியின் பழுப்புப் படிவா? நம் ஊரில் தொட்டியில் வளர்க்கும் ஜாவா மாஸ் செடியும் பாசிதான், வழுக்கும் படித்துறையும் பாசிதான். எத்தனை லிட்டர், எத்தனை மீன், விளக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதாத கடிதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

கே: மணல் மேல் நீலப்பச்சைப் போர்வை, நாற்றம் வேறு. மிரியோஃபில்லம் போடட்டுமா? (திருச்சி)

பெயர்தான் நீலப்பச்சைப்பாசி, அது பாசியே அல்ல, பாக்டீரியா. செடி வைக்கலாம், ஆனால் படர்ந்த போர்வை அதனால் போகாது. சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள், நீரோட்டத்தைக் கூட்டுங்கள். விளக்கையும் குறையுங்கள்.

கே: வெளிநாட்டில் குளத்தில் வைக்கோல் போடுகிறார்களாமே? (தஞ்சாவூர்)

பிரிட்டனில் வாற்கோதுமை வைக்கோல் போடுவார்கள். அது மட்கும்போது வெளியாகும் பொருட்கள் புதுப் பாசியைத் தடுக்கும் என்பது கணக்கு. இருக்கிற பாசியைக் கொல்லாது, எல்லாக் குளத்திலும் பலித்ததும் இல்லை. ஆக்சிஜன் இல்லாமல் மட்கினால் பயன் இல்லை, அதனால் மூட்டையாகக் கட்டாமல் தளர்வாகப் போட வேண்டும். வீட்டுத் தொட்டியில் வேண்டவே வேண்டாம், அழுகி மீன் மூச்சுத் திணறும்.

கே: பாசியைத் தடுக்க ஊர்க் குளத்தில் வெங்காயத்தாமரை விடலாமா? (செங்கல்பட்டு)

கூடாது. அப்புறம் அதை அள்ளுவதே ஊருக்கு வேலையாகிவிடும்.

கே: செடியை நம்பினால் பாசி மெதுவாகத்தான் குறைகிறது. பாசியைக் கொல்லும் காப்பர் மருந்து ஊற்றட்டுமா? இறால் இருக்கிறது. (சேலம்)

இறால் செத்துவிடும், நத்தையும்தான். விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று நீங்களும் எழுதவில்லை.